கம்பெனி பெயரில் ஓர் அறக்கட்டளை: எப்போது தொடங்கலாம், எப்படி அமைக்க வேண்டும்?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகங்கள் தயாரிக்கும் குடும்ப நிறுவனம் எங்களுடையது, பிரைவேட் லிமிடெட். வரிக்கு முந்தைய லாபம் 2022-23இல் 3.80 கோடி, 2023-24இல் 4.60 கோடி, 2024-25இல் 6.30 கோடி ரூபாய். இந்த ஆண்டு முதல் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவு செய்தாக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, என் மனைவியையும் மகனையும் அறங்காவலர்களாக்கி, மார்ச் மாதத்துக்குள் பணத்தை அதற்கு மாற்றிவிட்டால் போதுமா? தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, தாத்தா காலத்திலிருந்து நடக்கும் கோயில் அன்னதான டிரஸ்டுக்குப் பங்களிப்பு ஆகிய மூன்றையும் இதன் வழியாகச் செய்ய விரும்புகிறோம்.

பதில்: உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135-இன்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், நடப்பு ஆண்டுக்கு உடனே முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். லாபத்தைப் பிரிவு 198 சொல்லும் முறையில், வருமான வரியைக் கழிப்பதற்கு முன் கணக்கிட வேண்டும். வரி போக மிஞ்சியதை வைத்துக் கணக்கிட்டு, எல்லைக்குள் வரவில்லை என்று இருந்துவிடும் நிறுவனங்கள் உண்டு என்பதால் இதை முதலில் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த மூன்று தொகைகளும் சேர்ந்து 14.70 கோடி ரூபாய், சராசரி 4.90 கோடி ரூபாய். ஆகவே 2025-26இல் நீங்கள் செலவிட வேண்டியது 9.80 லட்சம் ரூபாய். இது 50 லட்சத்துக்கு உட்பட்ட தொகையாக இருப்பதால் தனியாக சி.எஸ்.ஆர். குழு அமைக்கத் தேவையில்லை. இயக்குநர் குழுவே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தொகைக்காக இந்த ஆண்டே அறக்கட்டளை தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 9.80 லட்சம் சிறிய தொகை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி ஒன்றின் நிலையை மாற்ற அது போதும். ஆனால் உங்கள் கடமை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அடுத்த ஆண்டு லாபம் 5 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்கடுத்த ஆண்டுக்குப் புதிதாகச் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை. அறக்கட்டளைக்கு அப்படி ஓய்வு கிடையாது. அதன் கணக்கு எழுதுதல், தணிக்கை, வருமான வரிப் படிவம், பதிவுப் புதுப்பிப்பு எல்லாம் பணம் வந்தாலும் வராவிட்டாலும் தொடர்ந்தாக வேண்டும். ஆண்டுதோறும் 30 அல்லது 40 லட்சம் ரூபாய் நிலையாகக் கொடுக்க முடியும் என்ற நிலையும், அந்த வேலையை முழுநேரமாகப் பார்க்க ஒருவரேனும் இருக்கிற நிலையும் வந்தபின் தொடங்குவது நல்லது. அந்தத் தொகை சட்டம் விதித்ததன்று. நடைமுறையைப் பார்த்து நான் சொல்லும் அளவு.

பெரிய குழுமங்களுக்கு அறக்கட்டளை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. டி.வி.எஸ். மோட்டார், சுந்தரம் கிளேட்டன் நிறுவனங்களின் சார்பில் 1996இல் தொடங்கிய சீனிவாசன் சேவை அறக்கட்டளை, சி.எஸ்.ஆர். சட்டக் கடமையாக ஆன 2014 ஏப்ரலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே கிராம வளர்ச்சிப் பணியில் இறங்கியிருந்தது. ஒரே கிராமத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கிச் செய்யும் வேலைக்குத் தனி ஆட்களும் தனி நிர்வாகமும் வேண்டும். அதற்குத்தான் அறக்கட்டளை என்ற அமைப்பு ஏற்றது. ஆண்டுக்கு ஒரு வகுப்பறை கட்டித் தருவதற்கு அது தேவையில்லை.

இனி, உங்கள் கேள்வியிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். மார்ச் மாதத்துக்குள் பணத்தை மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பணியைச் செயல்படுத்தும் அறக்கட்டளை போன்ற அமைப்பின் கணக்குக்குப் பணத்தை அனுப்புவது மட்டுமே செலவாகாது என்பதை நிறுவன விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் மார்ச் 25 அன்று 9.80 லட்சத்தையும் உங்கள் அறக்கட்டளைக்கு அனுப்பி, மார்ச் 31 அன்று அதன் வங்கிக் கணக்கில் 7 லட்சம் அப்படியே இருந்தால், அந்த 7 லட்சம் உங்கள் நிறுவனம் செலவிடாத பணமாகவே கருதப்படும். அது இயக்குநர் குழு முன்கூட்டியே ஏற்ற, ஓராண்டுக்கு மேல் நடக்கும் தொடர் திட்டத்துக்கு உரியதாக இருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் செலவிடப்படாத சி.எஸ்.ஆர். தொகைக்கென வங்கியில் தனிக் கணக்கு தொடங்கி அதில் செலுத்தி, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். தொடர் திட்டமாக இல்லையென்றால், ஆறு மாதங்களுக்குள், சி.எஸ்.ஆருக்கு ஏற்ற பணிகளையும் நிதிகளையும் பட்டியலிடும் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற ஒரு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் நிறுவனத்துக்கு அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றில் குறைவானது அபராதம். பொறுப்பான அலுவலர் ஒவ்வொருவருக்கும் அத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம் ரூபாய், இவற்றில் குறைவானது.

அறக்கட்டளை தொடங்கினால் பொறுப்பு அதற்குக் கைமாறிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் சட்டத்தின் கண்ணில் கடைசிவரை பொறுப்பு நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கே. கொடுத்த பணம் ஏற்றுக்கொண்ட திட்டத்துக்கு, ஏற்றுக்கொண்ட முறையில் செலவானதா என்பதை இயக்குநர் குழு உறுதி செய்துகொள்ள வேண்டும். தலைமை நிதி அலுவலர், அப்படி ஒருவர் இல்லாத உங்களைப் போன்ற நிறுவனங்களில் நிதி நிர்வாகத்தைக் கவனிப்பவர், அதற்குச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்திடப் போகிறவர் உங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் என்றால், அறக்கட்டளையின் ரசீதுகள், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், கட்டுமானப் பில்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தாக வேண்டும். முதலாளியின் மனைவியிடம் பில் கேட்க அவர் தயங்குவார். குடும்பத்தினரை மட்டுமே அறங்காவலர்களாக வைக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

குடும்பத்தினர் அறங்காவலராக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 13, அறக்கட்டளையை ஏற்படுத்தியவர், அறங்காவலர், பெருந்தொகை கொடுத்தவர், இவர்களின் உறவினர் ஆகியோர் அறக்கட்டளையால் ஆதாயம் பெறுவதைக் கடுமையாகப் பார்க்கிறது. உங்கள் வீட்டு மாடியை அறக்கட்டளைக்குச் சந்தை வாடகைக்கு மேல் விடுவது, அறக்கட்டளைப் பணத்தை உங்கள் நிறுவனத்துக்குக் கைமாற்றாகக் கொடுப்பது, மகனுக்குச் செய்யும் வேலைக்கு மிஞ்சிய சம்பளம் தருவது ஆகிய எதுவும் வரிவிலக்கைப் பாதிக்கும். ஐந்து அறங்காவலர்களை வைத்து, அவர்களில் இருவரையாவது குடும்பத்துக்கும் நிறுவனத்துக்கும் வெளியிலிருந்து எடுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊரில் பெயர் பெற்ற மருத்துவர் போன்றவர்கள் பொருத்தமானவர்கள். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் இயக்குங்கள். அதில் ஒன்று வெளியாருடையதாக இருக்கட்டும்.

அமைப்பைப் பொறுத்தவரை பொது அறக்கட்டளை, சங்கம், நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 8-இன்கீழ் வரும் லாப நோக்கமற்ற நிறுவனம் (பிரிவு 8 நிறுவனம்) என்று மூன்று வழிகள் உள்ளன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் வரும் சங்கத்துக்கு ஏழு உறுப்பினர்களும் ஆண்டுப் பொதுக்குழுவும் தேவை என்பதால், ஒரு நிறுவனம் தொடங்கும் அமைப்புக்கு அது பொருந்துவதில்லை. பிரிவு 8 நிறுவனத்தில் உங்கள் கம்பெனியே பங்குதாரராக இருக்க முடியும். இயக்குநர்களை மாற்றுவது எளிது. கணக்குகள் பொதுப் பார்வைக்கு வருவதால் நம்பகத்தன்மை கூடும். ஆனால் கம்பெனிக்குரிய படிவங்கள் எல்லாம் இதற்கும் உண்டு. அறக்கட்டளையோ ஒரு பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் உருவாகிவிடும். அந்த எளிமையே பின்னாளில் சிக்கலாகவும் ஆகலாம், ஏனெனில் பத்திரத்தில் எழுதாத எதையும் பிறகு சேர்ப்பது கடினம்.

ஆகவே பத்திரம் எழுதும்போது அவசரப்படாதீர்கள். டைப்பிங் நிலையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்த பத்திரங்கள் வரித்துறையின் பதிவுக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கின்றன. ஏற்படுத்தியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வரக்கூடாது, இயக்குநர் குழுத் தீர்மானத்தின் எண்ணோடும் நாளோடும் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்றும், கலைக்க நேர்ந்தால் சொத்துகள் அதே நோக்கமுடைய, வரிவிலக்குப் பெற்ற வேறொரு அறக்கட்டளைக்கே போகும் என்றும், எந்த நிலையிலும் நிறுவனத்துக்கோ அறங்காவலர்களுக்கோ திரும்பாது என்றும் எழுத வேண்டும். ஓர் அறங்காவலர் இறந்தால், விலகினால், நிறுவனமே விற்கப்பட்டால் அடுத்தவரை யார் நியமிப்பார் என்பதையும் சேருங்கள். கடைசியாகச் சொன்ன நிலைமையைப் பலரும் யோசிப்பதே இல்லை.

வெளி அமைப்புகளுக்குத் தேவைப்படும் மூன்றாண்டு அனுபவம் நிறுவனமே ஏற்படுத்திய அறக்கட்டளைக்குத் தேவையில்லை என்பது உண்மையிலேயே பெரிய சலுகை. ஆனால் வருமான வரித்துறையின் 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுகள் இரண்டும் வேண்டும். அவை கிடைத்தபின் நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்து பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் கிடைப்பதற்கு முன் அறக்கட்டளைக்கு அனுப்பிய பணத்தை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் இந்தப் பிரிவு எண்கள் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைப்புநிதியாகக் கொடுத்து வட்டியில் அறப்பணி செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2021 ஜனவரி 22 முதல் ஓர் அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுக்கும் தொகை சி.எஸ்.ஆர். செலவாக ஏற்கப்படுவதில்லை. டாட்டா அறக்கட்டளைகளைப் போல நிறுவனப் பங்குகளையே அறக்கட்டளைக்கு எழுதிவைக்கலாமே என்ற கேள்வியும் வருவதுண்டு. டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 66 சதவீதப் பங்குகள் அறக்கட்டளைகளிடம் இருப்பது, சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை 1919இலும் சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை 1932இலும் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வருவது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தனியார் நிறுவனப் பங்குகளை வைத்திருப்பதற்குச் சட்டம் இன்று கடும் வரம்பு விதிக்கிறது. 1973 ஜூன் 1 அன்று மூலதனமாக இருந்த பங்குகளுக்கே முக்கியமான விதிவிலக்கு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வழி இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று பணிகளில், அரசுப் பள்ளி வகுப்பறைக்குத் தடையில்லை. கட்டடம் பள்ளிக்கே, அதாவது அரசுக்கே, சொந்தமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் இப்படிப்பட்ட உதவிகளுக்காகவே உருவானது. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கல்வி உதவி என்றால் அது சி.எஸ்.ஆர். ஆகாது. அதே உதவியை ஊராட்சி முழுவதற்கும் பொதுவாக அறிவித்து, வருமானம், மதிப்பெண் போன்ற ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தொழிலாளியின் பிள்ளையும் அதில் வந்தால் ஏற்றுக்கொள்வார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுக்க விரும்பினால் நிறுவனத்தின் நலச் செலவாகக் கொடுங்கள். அதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

தாத்தாவின் டிரஸ்ட் விஷயம் சற்றுக் கடினமானது. பசி போக்குவது ஏழாம் அட்டவணையில் உண்டு; திருவிழாவும் கும்பாபிஷேகமும் இல்லை. அந்த டிரஸ்டை ஏற்படுத்தியவர் உங்கள் தாத்தா என்பதால் நிறுவனம் ஏற்படுத்திய அமைப்பு என்ற சலுகை அதற்குப் பொருந்தாது; அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் 12ஏ, 80ஜி பதிவுகளும் அதற்கு வேண்டும். சமயப் பணிக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவிடும் டிரஸ்டுக்கு 80ஜி கிடைப்பதில்லை. பழைய பத்திரத்தைத் திருத்தி இதற்குள் நுழைக்கப் பார்க்காமல், அன்னதானத்தைக் குடும்பப் பணத்திலேயே நடத்திவருவது அந்த அறத்துக்கும் மரியாதை, உங்களுக்கும் நிம்மதி.

இந்த ஆண்டுக்கு, பள்ளி வேலையை நிறுவனமே நேரடியாகச் செய்யட்டும். சட்டம் அதை அனுமதிக்கிறது. நிர்வாகச் செலவு மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொகை கொஞ்சம் கூடிவிட்டால் பயப்பட வேண்டாம். அதிகமாகச் செலவிட்டதை அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதற்கு இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும்.

அறக்கட்டளை ஆசை இருக்கவே செய்கிறது என்றால், உங்கள் பகுதியில் இதே அளவுள்ள நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை ஏற்படுத்தவும் விதிகளில் இடமுண்டு. ஆளுக்கு 10 லட்சம் சேர்ந்தாலே முழுநேரப் பணியாளரை வைத்து நல்ல வேலை பார்க்க முடியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்கு எந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது என்பதைத் தனியே அறிக்கையில் காட்ட வேண்டியிருப்பதால், அறக்கட்டளையின் கணக்கில் நிறுவனவாரியாகத் தனித்தனிப் பேரேடு வைக்க வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.