சருகு ஊதும் விசிறியில் பெல்ட் கருகுவது ஏன்?

கேள்வி: எங்கள் மக்கடேமியா தோப்பில் கொட்டை பொறுக்குமுன் சருகை ஒதுக்க, 24 அங்குலப் பழைய விசிறியை டிராக்டர் பி.டி.ஓ.வில் (பிற கருவிகளை ஓட்ட டிராக்டரில் சுழலும் தண்டு) பூட்டினோம். பி.டி.ஓ. பக்கம் 18, விசிறிப் பக்கம் 4 அங்குலப் புல்லி, ஒற்றை வி-பெல்ட். காற்று மந்தம், பெல்ட் கருகுகிறது.
- வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: இரண்டுக்கும் காரணம் பெல்ட் வழுக்குவதுதான். பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்று உங்கள் புல்லிக் கணக்கில் விசிறியில் 2,430 ஆக வேண்டும். ஒற்றை பெல்ட் அதை இழுக்காது. சிறு புல்லியை 5 அங்குலமாக்குங்கள். 1,944 சுற்று போதும். சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விசிறி கேட்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்! பி ரக பெல்ட் மூன்றை ஒரே செட்டாக வாங்குங்கள். பழசோடு புதுசைக் கலந்தால் புதுசே முழுச் சுமையும் தாங்கிச் சாகும். தளர்ந்த பக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே அழுத்தும் இறுக்கப் புல்லி வைத்தால் பிடிப்பு கூடும்.

பழைய விசிறி என்கிறீர்கள், ஒருபக்கம் கனத்திருக்குமோ என்பதுதான் பயம். தண்டோடு இரண்டு மட்டமான ஆங்கிள் இரும்பின்மேல் உருட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால், எதிர்ப்பக்கம் சிறு தகடு வெல்டு செய்யுங்கள்.

பி.டி.ஓ. தண்டில் ஒருவழி கிளட்ச் (டிராக்டரிலிருந்து விசிறிக்கு மட்டும் விசையைக் கடத்துவது) கட்டாயம். இல்லாவிட்டால் பழைய வண்டிகளில் கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் விசிறி டிராக்டரை முன்னே தள்ளும். தண்டுக்கு உறை போடாமல் ஓட்டவே வேண்டாம்.