தயிர் கேக் நடுவில் குழிவது ஏன்?

உங்க தயிர் கேக் நடுவுல குழிஞ்சிடுதுன்னு கேட்டிருக்கீங்க. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தயிருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போட்டதா எழுதியிருக்கீங்க. குழிவுக்கு அதுதான் முதல் காரணம். மாவு வெந்து இறுகுறதுக்குள்ள வாயு அளவுக்கு மீறி மேலே தள்ளிடுது, அப்புறம் தாங்க முடியாம நடு அமுங்குது. சோடா அரை டீஸ்பூன், பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், தலை தட்டி அளந்து போடுங்க. இதுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, 20 நிமிஷத்துல ஓவன் கதவைத் திறந்து பார்த்தது. அப்போ ஓரம் மட்டும்தான் வெந்திருக்கும். 180 டிகிரியில் 10 நிமிஷம் முன்சூடு பண்ணி, 7 அங்குல டின்னை உள்ளே வெச்சா 30 நிமிஷம் வரை தொடாதீங்க. மொத்தம் 35-40 நிமிஷம் ஆகும். வெந்த கேக்கோட ஓரம் டின்னை விட்டு நூலளவு விலகியிருக்கும். நடுவுல விரலால் லேசா அழுத்தினா குழி விழாம மேலே எழும்பும். நடுவுல குத்தி எடுத்த குச்சியில் ஈர மாவு ஒட்டக் கூடாது.

மைதாவைக் கடைசியில், முன்சூடு முடியற நேரத்துல சேருங்க. பீட்டர் (மாவு அடிக்கிற கருவி) போடாம கரண்டியால் மடிச்சுக் கலந்தா போதும்; ரொம்ப அடிச்சா கேக் ரப்பர் மாதிரி ஆயிடும். தயிர் தண்ணி விட்டிருந்தா வடிகட்டிட்டு அளங்க.