கொழுத்த குட்டிகளைத் துள்ளுமாரி தாக்குவது ஏன்?

கேள்வி: தாய்ப்பாலோடு அடர்தீவனமும் நன்றாகத் தின்று திரட்சியாக இருந்த மூன்று செம்மறிக் குட்டிகள் ஒரே இரவில் துள்ளி விழுந்து இறந்துவிட்டன. மெலிந்த குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவர், இது துள்ளுமாரி நோய் என்றும் குடலில் உண்டான நச்சே காரணம் என்றும் கூறினார். அந்த நச்சு இவ்வளவு விரைவாகக் கொல்வது எப்படி? மற்ற குட்டிகளை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: மருத்துவரின் முடிவு நீங்கள் கூறும் அறிகுறிகளோடு பொருந்துகிறது. இந்நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் டி வகை பாக்டீரியா, நலமாக உள்ள ஆட்டின் குடலிலும் சிறு அளவில் இருக்கக்கூடியது. குட்டி அடர்தீவனத்தில் உள்ள தானியத்தை மிகுதியாகத் தின்று, செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்குள் இறங்கும்போது, அந்த பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகி எப்சிலான் என்னும் நச்சுப் புரதத்தை வெளியிடுகிறது. மெலிந்த குட்டியின் குடலில் அந்த உபரி மாவுச்சத்து சேருவதில்லை.

வெளிவரும்போது இப்புரதம் ஏறக்குறைய தீங்கற்றது. அதன் வடிவத்தை 2004-இல் வெளியான எக்ஸ்-கதிர் படிக ஆய்வு காட்டியது: நீண்டு மெலிந்த மூலக்கூறு, அதன் வால்முனையில் உள்ள சிறு அமினோ அமிலத் துண்டு, ஒரு மூலக்கூறு மற்றொன்றோடு இணையாதபடி தடுத்துக்கொண்டிருக்கிறது. உணவைச் செரிப்பதற்காகக் கணையம் சுரக்கும் டிரிப்சின் போன்ற நொதிகள் அந்தத் துண்டை வெட்டி நீக்கிவிடுவதால், ஆட்டின் சொந்தச் செரிமானச் சாறே நச்சைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது. (இதே பாக்டீரியாவின் சி வகை சுரக்கும் பீட்டா நச்சு நேர்மாறானது, டிரிப்சின் அதை அழித்துவிடும். சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பதால்தான் சி வகை உண்டாக்கும் நோய் பிறந்த சில நாள் குட்டிகளைத் தாக்குகிறது.)

கூர்மை பெற்ற எப்சிலான் நச்சு குடற்சுவரின் ஊடுருவும் தன்மையைக் கூட்டி இரத்தத்தில் கலக்கிறது. பின்னர் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் உள்ள செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு, ஏழு மூலக்கூறுகள் வளையமாகச் சேருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் மடிந்திருந்த கொண்டையூசி போன்ற பகுதியை நீட்ட, அவை ஒன்றுகூடி செல்சவ்வைத் துளைக்கும் குழாயாகின்றன. அத்துளை வழியே பொட்டாசியம் வெளியேற, சோடியமும் நீரும் உள்ளே புக, செல் வீங்கி மடிகிறது. மூளை இரத்தக் குழாய்கள் கசிந்து மூளையில் நீர் கோத்துக்கொள்வதே துள்ளலுக்கும், தலை பின்னோக்கி வளைவதற்கும், கால்களை உதைப்பதற்கும் காரணம். சிறுநீரகம் கூழாகக் குழைந்திருப்பதும் இந்நோயில் காணப்படும். ஆனால் இறந்து நெடுநேரமான உடலில் தானாகவும் அவ்வாறு குழையும் என்பதால், பரிசோதனையை விரைவில் செய்வது நல்லது.

துளை விழுந்த பிறகு ஆன்டிபயாட்டிக் ஊசி பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, செல்லில் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யாது. ஆகவே தடுப்பூசியே வழி. ஃபார்மலினால் நச்சுத்தன்மை நீக்கப்பட்ட நச்சே அதில் உள்ளது. அதற்கெதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், உண்மையான நச்சு செல்லை எட்டும் முன்பே அதைப் பற்றி முடக்கிவிடுகின்றன. முதல் ஊசிக்குப் பின் ஊக்க ஊசியைத் தவறவிடாதீர்கள். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். இடைவெளியையும் அளவையும் மருந்துச் சீட்டின்படியும் மருத்துவரின் சொற்படியும் பின்பற்றுங்கள். சினை ஆடுகளுக்கு ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கு ஆரம்பகாலப் பாதுகாப்பு கிடைக்கும். வெள்ளாடுகளில் எதிர்ப்புத்திறன் விரைவில் குறைவதால், அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும் தேவைப்படலாம்.

உடனடியாக, எஞ்சியுள்ள குட்டிகளுக்கு அடர்தீவனத்தை நிறுத்தி உலர்தீவனம் மட்டும் கொடுங்கள். பிறகு இரண்டு வாரங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு நாளுக்குரியதை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள்.