இலங்கை வானொலியை இன்றும் பலர் ஏக்கத்துடன் நினைப்பது ஏன்? அன்று கேட்க வேறு எதுவும் இல்லை என்பதாலா?

நினைத்த பாடலை நினைத்த நொடியில் கைப்பேசியில் கேட்டு வளர்ந்தவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். உங்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கொழும்பில் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியது. 1952-இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இந்திய நேயர்கள் கொழும்பை நாடிப் போனார்கள். ஆனால் 1957-இலேயே ஆல் இந்தியா ரேடியோவின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி வந்துவிட்டது. நான் வானொலி கேட்கத் தொடங்கிய எழுபதுகளின் இறுதியில் அதிலும் திரைப்பாடல்கள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் எங்கள் வானொலியின் முள் பெரும்பாலும் கொழும்பிலேயே நின்றது என்றால், அதற்கு முழுக் காரணம் அங்கிருந்த அறிவிப்பாளர்கள்.

நானும் அக்காவும் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, பாடலின் முதல் வரி, படம், பாடியவர், எழுதியவர், இசை என்று கட்டம் பிரித்து வைத்திருந்தோம். பி.எச். அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் இந்த விவரங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஒரு பெயரையும் விழுங்காமல் சொல்வார்கள். கூடவே எழுதிக்கொண்டு போகலாம். சரியாக அந்த நேரம் பார்த்து அலை மங்கி இரைச்சல் எழுந்துவிட்டால், 'எழுதியவர்' கட்டம் காலியாக நின்றுவிடும். நான் ஊகித்து எழுதப் போனால் அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். "அவங்க வாயால சொல்லட்டும்டா, அப்புறம் எழுதிக்கலாம்" என்பாள். அதே பாடல் 'நீங்கள் கேட்டவை'யிலோ பிறந்தநாள் வாழ்த்திலோ மறுபடி வரும்வரை காத்திருந்து நிரப்பிய கட்டங்களில் மையின் நிறமே வேறாக இருக்கும். கண்ணதாசனையும் வாலியையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருதகாசி, கு.மா. பாலசுப்பிரமணியம், கே.டி. சந்தானம் ஆகியோர் எனக்கு அறிமுகமானது அந்த நோட்டின் வழியாகத்தான்.

அதுவும் விளம்பரத்தில் பிழைத்த நிலையம்தானே என்று யாராவது கேட்கக்கூடும். ஆம், விளம்பர வருவாய்க்காகவே தொடங்கப்பட்ட சேவைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கிருந்த இன்னொரு அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா ஒரு திரைப்பட விளம்பரத்தை மூச்சு விடாத வேகத்தில் சொல்லும்போதுகூட லகர ளகரங்கள் தத்தம் இடத்தில் இருக்கும். வேகமாகப் பேசினால் தமிழ் சிதையத்தான் செய்யும் என்று இன்று சொல்பவர்களிடம் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன். 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். வானொலியில் அதைக் கேட்டவர்களுக்குப் போட்டியாளரின் முகம் தெரியாது, ஆனாலும் அவர் பாடல் கிடைக்காமல் தடுமாறும்போது நாமும் சேர்ந்து தவிப்போம்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. இன்றைய நிலையங்களிலும் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாடலை எழுதியவரின் பெயரை நேயருக்குச் சொல்வது அறிவிப்பின் கடமை என்ற எண்ணம் இன்று அரிதாகிவிட்டது; பாடல் செயலிகளிலும் பாடியவர் பெயர் முன்னால் நிற்க, எழுதியவரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கே.எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். அந்த அரசியலைப் பேச இது இடமல்ல. ஆனால் அவரைப் போன்றவர்களின் குரல் பதிவுகளைச் சிலர் இணையத்தில் வெட்டி, பின்னணி இசை சேர்த்து, பேசியவர் யார் என்றே குறிப்பிடாமல் பரப்புவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாடலுக்கு உழைத்த அத்தனை பேரின் பெயரையும் நமக்குச் சொன்னவர்கள் அவர்கள். அத்தகைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அறிவிப்பாளரின் பெயரையும், தெரிந்தால் நிகழ்ச்சியின் பெயரையும் சேர்த்தே பதிவேற்றுங்கள்.