தத்துவம் கேள்வி–பதில்: தேலஸிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கே: மேலைத் தத்துவ வரலாற்றை, முதல் கிரேக்கத் தத்துவவாதி எனப்படும் தேலஸிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். ஐம்பது பக்கத்திலேயே அலுத்துவிட்டது. வேறு வழி உண்டா?

ப: அலுக்கத்தான் செய்யும். தேலஸ் முதல் பார்மெனிடீஸ் வரை ஒருவர் நூல்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகளும் சொல்லிவைத்த செய்திகளும்தான் மிச்சம். அதனால் அறிமுக நூல்கள், எல்லாவற்றுக்கும் மூலம் எது என்பதற்கு ‘தேலஸ் நீர், அனக்ஸிமெனீஸ் காற்று, ஹெராக்ளிட்டஸ் நெருப்பு’ என்று பட்டியல் போட்டுவிடுகின்றன. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது கழன்றுபோனால் மிஞ்சுவது வினாடி வினாதான்.

பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’வை எடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெற்ற தகப்பன் மீதே கொலை வழக்குப் போட வந்திருக்கும் யூதிஃப்ரோ, தெய்வங்களுக்குப் பிடித்ததே புனிதம் என்கிறார். சாக்ரடீஸ் மடக்குகிறார்: புனிதமாக இருப்பதால் அவர்களுக்குப் பிடிக்கிறதா, அவர்களுக்குப் பிடிப்பதால் அது புனிதமாகிறதா? முதலாவது என்றால், எது புனிதம் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது என்றால், அவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்குக் காரணமே சொல்ல முடியாது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கிளைகளையும் சொந்தமாக நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள்.

அடுத்து பிளேட்டோவின் ‘அப்பாலஜி’, ‘கிரிட்டோ’. அதன்பின் தயங்காமல் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி, டெகார்ட் 1641இல் வெளியிட்ட ஆறு தியானங்களில் முதல் இரண்டு. வரலாற்று நூல் அதற்கப்புறம் போதும்.

கே: சாக்ரடீஸ் எதுவும் எழுதவில்லையாமே. அப்படியானால் நாம் படிப்பது யாருடைய கருத்து?

ப: சாக்ரடீஸைப் பழகி அறிந்த பிளேட்டோவும் செனபோனும் எழுதிக் காட்டும் சாக்ரடீஸ் ஒரே ஆள்போல இல்லை. அரிஸ்டோபனீஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய ‘மேகங்கள்’ நாடகத்தில் வருபவரோ வெறும் கேலிச் சித்திரம். கேள்வி கேட்டு, முடிவு சொல்லாமல் கலையும் குறு உரையாடல்களில் சாக்ரடீஸின் சாயல் அதிகம் என்பதும், ‘குடியரசு’ போன்றவற்றில் பேசுவது பெரும்பாலும் பிளேட்டோ என்பதும் அறிஞர்கள் பலரின் கணிப்பு. கணிப்புதான், நிரூபணம் இல்லை.

கே: அறிவுக்குப் பகுத்தறிவே அடிப்படை என்ற டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் ஒரு கட்சி, அனுபவமே அடிப்படை என்ற லாக், பெர்க்லி, ஹியூம் எதிர்க்கட்சி. இது சரியா?

ப: தேர்வுக்குச் சரி. இந்தப் பிரிவினை காண்ட்டுக்குப் பிறகு பாடநூல்களில் இறுகியது. அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே என்ற லாக், கடவுள் இருப்பதைத் தர்க்கத்தாலேயே நிறுவலாம் என்றும் எழுதினார். பகுத்தறிவையே நம்பியவர் எனப்படும் டெகார்ட், விலங்குகளை அறுத்து ஆராய்ந்தவர்.

யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று பார்ப்பது மேல். போஹீமிய இளவரசி எலிசபெத் 1643இல் டெகார்ட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். ஒரு பொருளை நகர்த்த அதைத் தொட வேண்டும். டெகார்ட் சொல்வதுபோல் இடத்தை அடைக்காத மனம் உடலை எப்படித் தொடும்? டெகார்ட் சொன்ன பதிலில் எலிசபெத்துக்குத் திருப்தியில்லை. கட்சி பிரித்த பாடநூல்களில் அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: இடைக்காலத்தைத் தாண்டிவிடலாமா?

ப: முதல் சுற்றில் தாண்டலாம். ஆனால் அரிஸ்டாட்டிலின் நூல்கள் லத்தீன் உலகுக்குத் திரும்பியதில் அரபு மொழியாக்கங்களுக்கும் இஸ்லாமியத் தத்துவவாதி இப்னு ருஷ்தின் (1126–1198) உரைகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை மறக்காதீர்கள். இடைக்காலக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அக்வினாஸ் அவரை ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுகிறார்.

கே: காண்ட்டின் ‘தூய அறிவின் விமர்சனம்’ இருபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை.

ப: கேள்வி தெரியாமல் விடையைப் படிக்கிறீர்கள். கேள்வி ஹியூமுடையது. ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றை இடிக்கிறது. இடித்ததைப் பார்த்தோம், இரண்டாவது உருண்டதையும் பார்த்தோம். ‘உருண்டே ஆக வேண்டும்’ என்பதை எங்கே பார்த்தோம்? பழக்கத்தால் எதிர்பார்க்கிறோம், அவ்வளவே என்றார் ஹியூம். அப்படியானால் இயற்பியலின் உறுதி என்னாவது என்று காண்ட் திகைத்து, காரண–காரியம் என்பது அனுபவத்திலிருந்து வருவதல்ல, அனுபவம் அமையவே மனம் கொண்டுவரும் ஒழுங்கு என்றார். முதலில் ஹியூமின் 1748 நூலான ‘மனித அறிதல் பற்றிய ஆய்வு’வில் நான்கு, ஐந்து, ஏழாம் பகுதிகள். பிறகு காண்ட் 1783இல் சுருக்கி எழுதிய ‘புரொலெகோமெனா’. அதன் பிறகே பெரிய நூல்.

கே: புத்தக ஓரத்தில் ‘514ஏ’, ‘1094ஏ’ என்று என்னென்னவோ எண்கள் இருக்கின்றனவே?

ப: பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், இவை மாறா. பிளேட்டோவுக்கு 1578இல் வந்த ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண்ணும் பத்தி எழுத்தும்: ‘குடியரசு’ நூலின் குகை உவமை 514ஏ-யில் தொடங்கும். அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் வெளிவரத் தொடங்கிய பெக்கர் பதிப்பு: ‘நிக்கோமாக்கிய அறவியல்’ 1094ஏ-யில் தொடங்கும். காண்ட்டின் ‘தூய அறிவின் விமர்சன’த்துக்கு 1781 முதல் பதிப்பு ஏ, 1787 இரண்டாம் பதிப்பு பி. இந்த எண்கள் அச்சிடப்படாத மொழிபெயர்ப்பை, எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ஒரு மேற்கோளைச் சரிபார்க்கப் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும்.