வாசகர் கேள்வி: கடையில் வாங்கும் ரைபிளா, சொல்லிச் செய்விக்கும் ரைபிளா?

கேள்வி: என் தம்பி கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வசிக்கிறான். அங்கு உரிய அனுமதிப்பத்திரத்துடன் ஆண்டுதோறும் மான் வேட்டைக்குப் போகிறவன். இதுவரை 200 மீற்றருக்குள்ளேயே சுட்டுப் பழகியவனுக்கு, இனித் திறந்த புல்வெளியில் 400 மீற்றர் வரை சுட வேண்டுமென்று ஆசை வந்திருக்கிறது. தொழிற்சாலை ரைபிள் அந்தத் தூரத்துக்கு உதவாது, துவக்குச் செய்யும் கம்மியரிடம் சொல்லிச் செய்வித்தால்தான் சரிவரும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அதற்கு 7,000 டொலர் வரை செலவாகும் என்கிறான். அவன் இடக்கைப் பழக்கம் உள்ளவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் யோசனை என்ன?
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: தாங்கள் கணித ஆசிரியர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு ரைபிளின் துல்லியத்தைக் கோணத்தால் அளப்பார்கள். பாகை ஒன்றை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கலைதான் அந்த அளவு. நூறு மீற்றரில் ஒரு கலை என்பது 2.9 சென்றிமீற்றர், 400 மீற்றரில் அதுவே 11.6 சென்றிமீற்றராக விரியும். இன்று நல்ல தொழிற்சாலை ரைபிள் பொருத்தமான ரவையுடன் (தோட்டாவுடன்) ஒரு கலை அகலத்துக்குள் சன்னங்களைச் சேர்க்கும். தேர்ந்த கம்மியர் செய்து கொடுப்பது அரைக் கலைக்குள் சேர்க்கும். ஆகவே 400 மீற்றரில், அந்த அகலத்தின் பாதியளவாக, முன்னையதன் சன்னம் குறிமையத்திலிருந்து ஏறத்தாழ 6 சென்றிமீற்றர் விலகலாம், பின்னையதன் சன்னம் 3 சென்றிமீற்றர் விலகலாம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ 20 முதல் 25 சென்றிமீற்றர் அகலமானது. 7,000 டொலர் வாங்கித் தருவது இந்த 3 சென்றிமீற்றரைத்தான்.

இனிக் காற்றைப் பாருங்கள். 6.5 கிரீட்மோர் போன்ற, தூரச் சூட்டுக்கென்றே 2007 இல் வெளிவந்த ரவையைக்கூட, நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 400 மீற்றரில் ஏறத்தாழ 7 சென்றிமீற்றர் தள்ளிவிடும். காற்றை நொடிக்கு 2 மீற்றர் பிழையாக மதித்தால் சன்னம் 15 சென்றிமீற்றர் அளவுக்கு ஒதுங்கி, மானைக் காயப்படுத்தி ஓடவிடும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மட்டக்களப்புப் படுவான்கரை வயல் வரம்பில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: காலடியில் நெற்பயிர் ஒருபுறம் சாய்ந்து கிடக்கும், நடுவயலில் அது நிமிர்ந்து நிற்கும், அப்பால் மருதமரத்தின் உச்சி மட்டும் வேறு திசைக்கு ஆடும். சன்னம் இந்த மூன்று காற்றையும் கடந்துதான் போக வேண்டும். எந்தக் கம்மியரும் இதற்குப் பரிகாரம் செய்து ரைபிளுக்குள் வைத்துத் தர முடியாது.

கம்மியரின் வேலையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். குழல் வந்து பொருந்தும் உடற்பகுதியைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, அதன் முகத்தைக் குழலின் அச்சுக்குச் செங்குத்தாகச் சீவுவார். ரவையை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டின் காதுகள் இரண்டும் சமமாகப் பதிகின்றனவா என்று பார்ப்பார். உட்புறம் கையால் மெருகிட்ட குழலில் ரவை அமரும் அறையை இறுக்கமான அளவில் வெட்டுவார். பின்னர் பிசின் ஊற்றி உடற்பகுதியைத் தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையில் அசையாமல் இருத்துவார். ஒரு காலத்தில் இவையெல்லாம் தொழிற்சாலையில் நடக்காதவை. கணினியால் இயங்கும் இயந்திரங்கள் வந்தபின் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா ரைபிளை எடுத்துக்கொண்டாலும் சரி, மூன்று வெடியும் 100 யார் தூரத்தில் ஒரு கலைக்குள் விழும் என்று உத்தரவாதம் தரும் வெதர்பியை எடுத்துக்கொண்டாலும் சரி, விலை செய்வித்த ரைபிளின் விலையைவிடக் குறைவுதான். ஆனால் மூன்று வெடியை வைத்து ஒரு துவக்கின் குணத்தைச் சொல்வது, ஒரு பரீட்சையை வைத்து மாணவனை மதிப்பது போன்றது. பத்து வெடியாவது சுட்டுப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள்.

தொழிற்சாலைப் பொருளில் ஒரு குறை உண்மையாகவே உண்டு. ஒரே மாதிரியில் வந்த இரண்டு ரைபிள்களில் ஒன்று அற்புதமாகவும் மற்றது சுமாராகவும் சுடக்கூடும். ஒரு குழலுக்குப் பிடித்த ரவை மற்றொன்றுக்குப் பிடிக்காமலும் போகும். நான்கைந்து வகை ரவைகளை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் ரைபிளைக் குறைசொல்லக் கூடாது. செய்வித்த ரைபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி, இந்தச் சூதாட்டத்தைத் தவிர்ப்பதற்கே போகிறது என்பது என் எண்ணம்.

செய்வித்ததெல்லாம் சிறந்தது என்பதும் ஒரு மயக்கம். நம் பக்கத்தில் கொல்லுப் பட்டறையில் பிறந்த, குழல் வாயால் மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்குகள் ஒவ்வொன்றும் சொல்லிச் செய்வித்தவைதானே? ஒன்றைப் போல் மற்றொன்று இராது. என் அப்பப்பாவிடம் இருந்தது எப்போதும் ஒரு முழம் இடப்புறம் போகும், அவரும் ஒரு முழம் வலப்புறம் பார்த்துப் பிடிப்பார். கை வேலை என்பதற்காக ஒருவர் கொண்டாடுமுன், அந்தக் கை யாருடையது என்று விசாரிக்க வேண்டும்.

தம்பியின் இடக்கைப் பழக்கம்தான் செய்விப்பதற்குச் சொல்லத்தக்க காரணம். வலக்கைப் பூட்டை இடக்கைக்காரர் இயக்க, கையைத் துவக்கின் மேலாகக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆனாலும் டிக்கா, சாவேஜ் போன்றவை இடக்கைப் பூட்டுடனும் வருகின்றன. தெரிவு மட்டும் குறைவு. 1958 இல் வந்த சாவேஜ் 110 இல் குழலை ஒரு சுரையால் (நட்டால்) இறுக்கும் அமைப்பு இருப்பதால், பின்னாளில் குழலை மாற்றுவதும் எளிது.

ஆகவே என் யோசனை இதுதான்: நல்ல இடக்கைத் தொழிற்சாலை ரைபிள் ஒன்றை வாங்கட்டும், மிச்சப் பணத்தை நல்ல தொலைநோக்கிக்கும், தூரமானிக்கும், எல்லாவற்றிலும் மேலாக ரவைக்கும் செலவிடட்டும். 6.5 கிரீட்மோர் குழல் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 வெடிகளில் தேய்ந்துவிடும். அத்தனையும் பயிற்சியிலேயே சுட்டுத் தேய்த்தபின், கம்மியரிடம் போய் நல்ல குழல் ஒன்றைப் பூட்டச் சொல்லலாம். அதுவரை, காற்றடிக்கும் நாளில், மண்டியிட்டோ பையில் சாய்த்தோ முதல் வெடியை எந்தத் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவான வட்டத்துக்குள் தவறாமல் போடுகிறானோ, அதுவே அவனுடைய எல்லை. சன்னம் 400 மீற்றரைக் கடக்க அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும், மானுக்கு ஓரடி எடுத்துவைக்க அது போதும் என்பதையும் அவனுக்கு நினைவூட்டுங்கள்.

இங்குள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இவை கனடாவின் வேட்டைக்குரிய பேச்சு. நம் நாட்டில் மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை.

கேள்வி: குழல் நீளமாக இருந்தால் வெடி தவறாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் வெளிநாட்டு ரைபிள்கள் ஏன் கட்டைக் குழலுடன் வருகின்றன?
— வாசகி, திருக்கோவில்

பதில்: பெரியவர்கள் சொன்னது அவர்களுடைய துவக்குக்குச் சரி. கரிமருந்துத் துவக்கில் நீண்ட குழல் வேகத்தைக் கூட்டும்; அத்துடன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடுவதால் கண் பிழைவிடுவதும் குறையும். தொலைநோக்கி பூட்டிய ரைபிளில் இந்த இரண்டாவது நன்மைக்கு இடமில்லை. வேகமும், குழலில் ஓர் அங்குலம் கூடினால் நொடிக்கு 7 அல்லது 8 மீற்றர் அளவே கூடும். 800 மீற்றருக்கு மேல் ஓடும் சன்னத்துக்கு அது பெரிய இலாபமல்ல. சுடும்போது குழல் அதிரும். மெலிந்து நீண்டது கூடுதலாகவும், தடித்துக் கட்டையானது குறைவாகவும் அதிரும் என்பதால், துல்லியத்தைத் தேடுவோர் நீளத்தை விட்டுப் பருமனைப் பார்க்கிறார்கள். அந்தப் பருமனின் பாரத்தை நாள் முழுவதும் தோளில் சுமந்து நடப்பதுதான் அவர்களுடைய அடுத்த தொல்லை.