ஒலிப்பதிவின் தொடக்க நாட்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒலியை முதலில் பதிவு செய்தவர் எடிசன்தானே?

பதில்: இல்லை. பாரிஸில் அச்சுத் தொழிலில் இருந்த எதுவார்-லெயோன் ஸ்காட் த மார்தென்வில். 1857இல் காப்புரிமை பெற்றார். வாயகன்ற குழல், அதன் கோடியில் ஒரு சவ்வு, சவ்வில் ஒட்டிய பன்றி மயிர். பேசினால் மயிர் நடுங்கும். புகைக்கரி பூசிய தாளில் கோடு கீறும். அதைத் திரும்ப ஒலிக்க வைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதை நாம் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் கனவு. 1877இல் எடிசன் உருளையில் சுற்றிய வெள்ளீயத் தாளில் ஊசியால் பள்ளம் பதித்தார். அதே பள்ளத்தில் இன்னோர் ஊசி ஓடியபோது குரல் திரும்பி வந்தது.

கேள்வி: எடிசன் 1877இல் சொன்ன 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' என்ற ஆட்டுக்குட்டிப் பாட்டை இணையத்தில் கேட்டேன். எவ்வளவு தெளிவு!

பதில்: அது 1927இல், அந்தக் கருவியின் பொன்விழாவுக்காக அவர் மீண்டும் சொன்னது. 1877இன் தாள் எஞ்சவில்லை.

கேள்வி: தாத்தாவின் பழைய கிராமபோன் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும்.

கேள்வி: கேட்க முடியாத கோடு எப்படி ஐயா ஒலிப்பதிவாகும்? எடிசனே முதல்வர்.

பதில்: கேட்க முடிகிறதே! 1860 ஏப்ரல் 9 அன்று ஸ்காட் பதிந்த பிரெஞ்சு நாட்டுப் பாடலின் கோடுகளை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி வழியே ஒலிக்க வைத்தார்கள். முதலில் பெண் குரல் என்றே நினைத்தார்கள். பாட்டுக் கோட்டின் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் (தட்டினால் எப்போதும் ஒரே சீராக அதிரும் உலோகக் கவை) அதிர்வையும் ஸ்காட் பதிந்திருந்தார். வேகத்தைக் கணக்கிட அதுதான் அளவுகோல். அன்றைய பிரெஞ்சு வழக்கில் போவதும் வருவதும் இரண்டு அதிர்வுகள்; இன்றைய கணக்கில் இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். அதைக் கவனிக்காததால் பாட்டு இரட்டை வேகத்தில் ஓடிவிட்டது. திருத்திய பிறகு, மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல். பாடியவர் ஸ்காட்டாகவே இருக்க வேண்டும். 148 ஆண்டுகள் அந்தக் குரல் தாளிலேயே காத்திருந்தது. அதைப் பதிவு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் எடிசன் திருடினாரா?

பதில்: திரும்ப ஒலிக்க வைத்தது ஸ்காட் செய்யாத வேலை, அதைத் திருட்டு என்பது நியாயமில்லை. பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் குரோவும் 1877 ஏப்ரலிலேயே இதே யோசனையை எழுதி, முத்திரையிட்டு அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். ஆனால் கருவியைச் செய்து காட்டியவர் எடிசன்.

கேள்வி: வட்டத் தட்டும் எடிசனுடையதா?

பதில்: எமில் பெர்லினர், 1887.

கேள்வி: ஸ்பிரிட் கூடாது, சரி. சானிடைசர்?

பதில்: அதிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது! முன்பே சொல்லிவிட்டேன். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும். தட்டுக்குப் பதில், ஒலி பதிந்த பழைய மெழுகு உருளை கிடைத்தால் வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். உள்ளே இரண்டு விரல்களை விட்டு, விரித்துத் தூக்குங்கள்.